ஆம்புலன்ஸ் வராமல் கேட் திறக்காது

காலை மணி 7.40. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தின் பிட் லேனில் எட்டு கார்கள் வரிசையாக நிற்கின்றன. பின்னால், கார்கள் தயாராகும் பேடாக்கில் இன்னும் பதினாறு. ஹெல்மெட் மாட்டியவர்கள் மாட்டியபடியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் வண்டி 7.30-க்கு உள்ளே போயிருக்க வேண்டும். தார் இன்னும் சூடேறவில்லை. டிராக் முழுக்கக் காலி. கார் ஓட்ட இதைவிட நல்ல நேரம் இந்த நாளில் இனி வராது.

ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை.

6.45-க்கு வருவதாகச் சொன்ன வண்டி அது. டிரைவருக்குப் போன் போட்டால், "பூந்தமல்லி தாண்டிட்டேன் சார், அஞ்சு நிமிஷம்" என்கிறார். இருபது நிமிடத்துக்கு முன்பும் இதையேதான் சொன்னார். வரிசையில் முதலில் நின்ற தம்பி கண்ணாடியை இறக்கினார். "அண்ணா, வேகமா எல்லாம் வேணாம். அறுபதுல ஒரே ஒரு ரவுண்டு போய் டிராக்கைப் பார்த்துட்டு வந்துடறோமே?" நியாயமான கேள்விதான். அறுபதில் அவர் தினமும் அண்ணா சாலையில் போகிறவர்தான். எங்கள் கார் கிளப்பின் ஒருங்கிணைப்பாளர், வார நாட்களில் வங்கிக் கவுன்டரில் உட்காருகிறவர், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "ஆம்புலன்ஸ் வராம கேட் திறக்காது தம்பி. எஞ்சினை ஆஃப் பண்ணிடுங்க."

8.20-க்கு ஆம்புலன்ஸ் வந்தது. உள்ளே ஏறி ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்து, ஸ்ட்ரெச்சரை இழுத்துப் பார்த்து, டாக்டரிடம் இரண்டு வார்த்தை பேசிய பிறகுதான் ஒருங்கிணைப்பாளர் கையசைத்தார். ஐம்பது நிமிடம் போய்விட்டது. ஆளுக்கு ஒரு செஷன் ஏறக்குறைய போச்சு. அன்றைக்குச் சிலருக்கு அவர்மேல் கோபம். எனக்கோ, பத்து வருடமாக இந்தப் பித்தில் இருக்கிறவன் என்ற முறையில், ஒரு டிராக் டே எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அந்த ஐம்பது நிமிடத்தைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது.

பந்தயம் அல்ல, பழக்கம்

டிராக் டே என்றதும் பலரும் ரேஸ் என்றே நினைக்கிறார்கள். வீட்டில் சொல்லிவிட்டு வருவதே பலருக்குப் பெரிய பாடு. இரண்டும் வேறு. ரேஸில் யார் முந்துகிறார்கள் என்பதுதான் விஷயம். அதற்கு லைசென்ஸ் வேண்டும், கூண்டு அடித்த கார் வேண்டும், இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு விதிகள் உண்டு. டிராக் டேயில் கோப்பை இல்லை, நேரக் கணக்கு இல்லை. ஆபீஸுக்கு ஓட்டிப் போகும் அதே காரை, எதிரே லாரியோ நாயோ வராத ஒரு பாதையில், அதன் எல்லை வரை ஓட்டிப் பார்க்கும் நாள். முன்னால் போகிறவர் கையை வெளியே நீட்டி 'போங்க' என்று காட்டினால்தான் முந்தலாம். அதுவும் நேர்ப்பாதையில் மட்டும். வளைவில் முந்தினால் கறுப்புக் கொடி, நேராக பிட்டுக்கு வர வேண்டும்.

இப்படி ஓர் இடம் ஏன் தேவை என்பதற்கு நடு இரவு ஈ.சி.ஆரில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு, பொது இடத்தில் பந்தயம் விடுவதற்கு 5,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கிறது. மறுபடி மாட்டினால் 10,000, ஓராண்டு வரை சிறை. 2019 திருத்தத்தில் கூட்டிய தண்டனை இது. தண்டனை கூடியது நல்லதே. ஆனால் ஆசை அபராதத்துக்குப் பயந்து அடங்கிவிடாது. இருபத்திரண்டு வயதில் 120 குதிரைத் திறன் கொண்ட காரைக் கையில் கொடுத்துவிட்டு, 'வேகமாகப் போகாதே' என்று மட்டும் சொல்கிறோம். எங்கே போகலாம் என்று ஒருவரும் சொல்வதில்லை.

சொல்வதற்கு நம்மிடம் இடம் இருக்கிறது என்பதுதான் விசேஷம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் போட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் அவர்கள் பல காலம் பந்தயம் நடத்தினார்கள். போர் முடிந்து சும்மா கிடந்த ஓடுதளங்களைப் பந்தயக்காரர்கள் பிடித்துக்கொண்டது உலகமெங்கும் நடந்த கதை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் அப்படிப் பிறந்ததுதான். சோழவரம் ரேஸ் பார்த்த கதையை எங்கள் வீட்டிலேயே பெரியப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கதையில் காரைவிடக் கூட்டம்தான் அதிகம் வரும். பிறகு அதே கிளப் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகத் தடம் போட்டு, 1990-ல் திறந்தது. 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால்.

கோவைக்காரர்களுக்குச் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது. 2003-ல் திறந்த, 2.1 கிலோமீட்டர் தடம். பெயரிலுள்ள 'கரி', எஸ்.கரிவர்தன். மாருதி 800-ன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தவர். அதிகப் பணம் இல்லாத பிள்ளைகளும் பந்தயத்துக்குள் வரக் கதவைத் திறந்துவிட்டவர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 காரில் ஏறிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும், 2010-ல் அவருக்கு அடுத்துப் போன கருண் சந்தோக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் என்றால், அதற்குப் பின்னால் சோழவரம் ஓடுதளமும் இருங்காட்டுக்கோட்டைத் தடமும்தான் இருக்கின்றன. நாட்டில் ஃபார்முலா 1 நடந்த ஒரே தடமான கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட் 5.125 கிலோமீட்டர், அற்புதமானது. ஆனால் சென்னையிலிருந்து காரை அங்கே கொண்டுபோவதற்குள் டயரில் பாதி தேய்ந்துவிடும். நமக்கு இருங்காட்டுக்கோட்டை, காலையில் கிளம்பினால் டிபனுக்குள் போய்விடும் தூரம்.

மூன்று மாத வேலை

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று மாத வேலை. முதலில் தேதி. சித்திரை, வைகாசியில் வைத்தால் தாரும் டயரும் சேர்ந்து உருகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை, மாசிதான் தோதான காலம். அந்த மாதங்களில் எல்லா கிளப்பும் டிராக் கேட்கும். அதனால் முன்பணத்தை முதலில் கட்டிவிட்டு, பிறகு ஆள் சேர்க்க வேண்டும். தைரியம் வேண்டிய இடம் இது.

டிராக்கை நாள் வாடகைக்கு எடுக்கிறோம். கொடி காட்டும் மார்ஷல்கள், ஆம்புலன்ஸ், டாக்டர், தீயணைப்பு ஏற்பாடு, இழுவை வண்டி, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்த்துத் தலைக்குப் பிரிக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் அறுபது பேர் 'நான் ரெடி' என்பார்கள். பணம் கட்டச் சொன்னால் முப்பது. கடைசி வாரத்தில் மாமனார் வீட்டு விசேஷம், கிளட்ச் பிரச்சினை என்று ஆறு பேர் கழன்றுகொள்வார்கள். அவர்களுடைய பங்கு மற்றவர் தலையில் விழும். ஒரு முறை அப்படி நடந்து, இரண்டு நண்பர்கள் சொந்தக் காசைப் போட்டு ஈடுகட்டினார்கள். அதன் பிறகு, 'கட்டிய பணம் திரும்பாது. வேண்டுமானால் உங்கள் இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம்' என்பது சட்டமாகிவிட்டது. கறாராகத் தெரியும். கறாராக இல்லாததால் நின்றுபோன கிளப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். இதைப் பற்றிப் பேசாமல் டிராக் டே நடத்துவது நண்பர்களை ஏமாற்றுவதற்குச் சமம். கார் பாலிசியை எடுத்து 'உபயோக வரம்புகள்' என்ற பகுதியைப் பாருங்கள்: ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைச் சோதனை ஆகியவற்றுக்குப் பாலிசி பொருந்தாது என்று இருக்கும். 'டிராக் டே பந்தயமே இல்லையே' என்று நாம் வாதாடலாம். சுவரில் மோதிய காரை வைத்துக்கொண்டு அந்த வாதம் எடுபடும் என்று நம்பி யாரும் உள்ளே போகக் கூடாது. அதனால் பணம் வாங்குவதற்கு முன்பே எல்லோருக்கும் எழுதி அனுப்புகிறோம்: அன்றைக்குக் காருக்கு ஏதாவது ஆனால் அது உங்கள் செலவு. போன முறை அதைப் படித்துவிட்டு ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, லோன் இன்னும் நாலு வருஷம் இருக்கு. நான் பார்க்க மட்டும் வரட்டுமா?" வந்தார். நாள் முழுக்க பிட் சுவரோரம் நின்று கொடி பிடிக்கக் கற்றுக்கொண்டார். அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

காலை 5.45, டார்ச் வெளிச்சத்தில்

பேடாக்கில் விடிவதற்கு முன்பே சோதனை தொடங்கிவிடும். டிக்கி காலியாக இருக்க வேண்டும்: ஸ்டெப்னி, ஜாக், குடை எல்லாம் வெளியே. டேஷ்போர்டு பிள்ளையாரும் பத்திரமாக இறங்கி, டிபன் கூடையில் உட்காருவார். டிரைவர் கால் பக்கத்து ஃப்ளோர் மேட்டை எடுத்துவிட வேண்டும். ஒரு பழைய ஸ்விஃப்டின் டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டபோது, பாதி தண்ணீரோடு ஒரு பாட்டில் வந்தது. ஓட்டுகிறவர் ஐம்பது வயதைக் கடந்தவர். அவர் முகம் வெளிறிப்போனது. அழுத்தி பிரேக் பிடிக்கும்போது அது முன்னால் உருண்டு பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவைப்படவில்லை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2316 என்றால் 2016-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நிறைய இருந்தாலும், ரப்பர் கிழடாகி வெடித்திருந்தால் அந்த வண்டி உள்ளே போகாது. ஒவ்வொரு முறையும் ஓரிருவரைத் திருப்பி அனுப்ப நேர்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்தவரிடம் 'முடியாது' என்று சொல்வது சுலபமில்லை. சொல்லத் தெரிந்த ஒருவர் இருந்தால்தான் அந்த கிளப் டிராக் டே நடத்தலாம் என்பது என் தீர்மானமான கருத்து. கார் பற்றி எல்லாம் தெரிந்தவர் பத்துப் பேர் கிடைப்பார்கள். நண்பனிடம் முடியாது என்று சொல்லக்கூடியவர் ஒருவர் கிடைப்பதுதான் அரிது.

பிறகு வீல் நட். டார்க் ரெஞ்சை வைத்து, கார் கம்பெனி சொல்லும் அளவுக்கு ஒவ்வொன்றையும் இறுக்கிப் பார்க்கிறோம். 'டிக்' என்ற சத்தம் வர வேண்டும். 24 கார், தலைக்கு நான்கு சக்கரம், சக்கரத்துக்கு நான்கோ ஐந்தோ நட். முடிப்பதற்குள் முதுகு விட்டுப்போகும். முந்தின நாள் டயர் கடையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய ஒரு காரில் இரண்டு நட் கையாலேயே சுழன்றன. அந்தக் கார் அப்படியே நெடுஞ்சாலையில் நூறில் வந்திருக்கிறது.

ஆறரைக்கு வகுப்பு. மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் எல்லோரும் மெதுவாக பிட்டுக்கு. நீலம், பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு. மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக இருந்தால் தரையில் எண்ணெயோ மணலோ வழுக்குகிறது. கட்டம் போட்ட கொடி, செஷன் முடிந்தது. எல்லோருக்கும் இது சினிமாவிலேயே தெரியும் என்று நினைப்போம். ஆனால் முதல் செஷனில் மஞ்சள் கொடியைப் பார்க்காமல் போகிறவர் நிச்சயம் ஒருவர் இருப்பார். ரோட்டில் நமக்கு முன்னால் போகும் வண்டியின் பம்பரைப் பார்த்தே ஓட்டிப் பழகிவிட்டோம். தலையைத் தூக்கித் தூரத்தைப் பார்க்கக் கண்ணுக்குப் பழக்கமில்லை. உடைக்கும் விதி உண்டு. முழுக்கை பருத்திச் சட்டை, பேன்ட், மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ. நைலான் ஜெர்ஸி வேண்டாம்; தீப்பிடித்தால் அது உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

பிரேக் என்னும் அடுப்பு

எங்கள் நாளின் முதல் பாடம் வேகம் அல்ல, நிற்பது. நேர்ப்பாதையில் 80-க்குப் போய், இரண்டு கூம்புகளுக்கு நடுவே முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாகக் கார் ஓட்டும் ஒரு சகோதரி முதல் முறை மிதித்தார். பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. உடனே காலை எடுத்துவிட்டார். கார் கூம்பைத் தாண்டிப் போய் நின்றது. "ஏதோ உடைஞ்சுடுச்சுன்னு நினைச்சேன்" என்றார். உடையவில்லை, அதுதான் ஏ.பி.எஸ். வேலை செய்யும் விதம். அதிரும்போது காலை எடுக்கக் கூடாது, இன்னும் அழுத்த வேண்டும் என்று சொன்னோம். மூன்றாவது முறை கூம்புக்கு முன்பாகவே நிறுத்தினார். இறங்கி வந்து சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "இத்தனை வருஷம் பின் சீட்ல பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு இது தெரியாம ஓட்டியிருக்கேன்" என்றார்.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. நல்ல தார்ச் சாலையில் 60-ல் போகும் கார், பிரேக் பிடித்ததிலிருந்து ஏறக்குறைய 18 மீட்டரில் நிற்கும். 120-ல் போனால்? 36 இல்லை, 71 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்கு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் கூம்பைத் தாண்டிப் போய் நின்ற பிறகுதான் அது உடம்புக்குப் புரிகிறது.

மதியத்துக்கு முன்பு ஒரு நான்கு வருட ஹேட்ச்பேக் பிட்டுக்குள் வந்தது. முன் சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை, கருகிய வாடை. "அண்ணா, பெடல் அடி வரைக்கும் போகுது." அவர் ஹேண்ட் பிரேக்கை நோக்கிக் கையைக் கொண்டுபோவதைப் பார்த்து, "தொடாதே, தொடாதே" என்று இரண்டு பேர் ஓடினோம். கொதிக்கும் டிஸ்க்கை பேட் கவ்வி நின்றால் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, டயருக்கு அடியில் கட்டை வைத்தோம்.

1,300 கிலோ காரை 140-லிருந்து 60-க்கு இறக்கும்போது, மூன்று நான்கு விநாடிக்குள் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு பிறக்கிறது. அத்தனையும் நான்கு சக்கரத்துக்குள், பெரும்பகுதி முன்னால் இரண்டில். ஒரு சுற்றுக்கு அப்படி மூன்று நான்கு முறை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் குணம் உள்ளது. டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிவிட்டால் 155-லேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அதனால்தான் பெடல் அடி வரை போகிறது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டோம். வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை. சர்வீஸுக்குத் தவறாமல் விட்டிருக்கிறார்; அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கொடைக்கானலிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது நடந்திருக்க வேண்டியது, சுற்றிலும் மண் பரப்பும் டயர்ச் சுவரும் உள்ள இடத்தில் நடந்தது.

எங்கள் கூட்டத்தில் யாராவது புதிதாகச் சேர்ந்து, 'எக்ஸாஸ்ட் மாத்தலாமா, ரீமேப் போடலாமா' என்று கேட்டால் ஒரே பதில்தான்: முதலில் பிரேக் ஆயில், பிரேக் பேட், டயர். மிச்சப் பணம் இருந்தால் இன்னொரு டிராக் டே.

நேர்ப்பாதையின் முடிவில் வரும் சி1 வளைவைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். கண் அங்கே போக மறுக்கும், கால் ஆக்ஸிலரேட்டரை விட மறுக்கும். அனுபவமுள்ள ஓட்டுநர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "இப்ப வளைவைப் பாருங்க, பக்கத்தைப் பார்க்காதீங்க, பாருங்க, பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கார் கண் போகும் திசையில்தான் போகும். காலையில் அந்த வளைவுக்கு 200 மீட்டர் முன்பே பிரேக் பிடித்தவர்கள், மாலையில் ஒழுங்காக, வண்டி குலுங்காமல், உள்விளிம்பை ஒட்டி எடுத்துக்கொண்டு போவதைப் பார்ப்பதைவிட எனக்கு மகிழ்ச்சி வேறு கிடையாது. வேகமும் கூடியிருக்கும். ஆனால் பார்ப்பவருக்கு மெதுவாகப் போவதுபோல் தோன்றும்.

ஆம்புலன்ஸை அன்று முழுவதும் ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டோம். வெயிலில் நின்ற ஒரு மார்ஷலுக்குத் தலைசுற்றல். உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுத்து, நிழலில் படுக்கவைத்து, ரத்த அழுத்தம் பார்த்தார் டாக்டர். அந்த இருபது நிமிடம் டிராக் சிவப்பு. காலையில் ஒரு ரவுண்டு கேட்ட தம்பி எஞ்சினை அணைத்துவிட்டு, தன் வண்டியிலிருந்த இளநீர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினார். அடுத்த நிகழ்ச்சிக்கு இரண்டு ஆம்புலன்ஸ் என்று அன்று மாலையே முடிவானது. ஒன்று யாரையாவது ஏற்றிக்கொண்டு போனால், மற்றொன்று இருக்கும். டிராக் நிற்க வேண்டியதில்லை. தலைக்குக் கொஞ்சம் கூடும். ஒருவர்கூட எதிர்க்கவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கட்டம் போட்ட கொடி. பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி, சூடு ஆறி, கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. மறுபடியும் டார்க் ரெஞ்ச். சூட்டில் விரிந்து ஆறிய நட்டுகள் தளர்ந்திருக்கலாம். டயரில் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றினோம். ஸ்டெப்னி டிக்கிக்குள் போனது, பிள்ளையார் டேஷ்போர்டுக்குத் திரும்பினார். கூம்புகளைப் பொறுக்கி, தண்ணீர் பாட்டில்களைச் சாக்கில் கட்டி, கேட்டைச் சாத்தும்போது இருட்டிவிட்டது.

நெடுஞ்சாலை ஓரக் கடையில் டீயோடு உட்கார்ந்தோம். ஒருங்கிணைப்பாளர் மேசையில் போனை வைத்துக்கொண்டு, ஒரு காகிதத்தில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். 'வீட்டுக்கு வந்தாச்சு' என்று ஒவ்வொருவரும் செய்தி அனுப்ப வேண்டும் என்பதும் எங்கள் விதி. போரூர், தாம்பரம், அம்பத்தூர் எல்லாம் வந்துவிட்டது. 23 டிக். மீதி ஒன்று வேலூர்க்காரர். இரண்டாவது டீயும் முடிந்தது. "நீங்க கிளம்புங்க, நான் இருக்கேன்" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. 9.10-க்குப் போன் ஒளிர்ந்தது. அவர் படித்தார், பேனாவை எடுத்து 24-வது டிக்கை அடித்தார், காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.